வெள்ளச்சிக்கு ஈர மணல்

எங்கள் அக்கா டெல்பின் ஊசி போடுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பாள். ஆளிடம் இல்லை, கடல் முள்ளெலியிடம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு உருண்டை. உடம்பெல்லாம் முள். கண் கிடையாது, காது கிடையாது, மூளை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. அதைக் கவிழ்த்துப் பிடித்து, வாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலில் ஊசியைக் குத்துவதற்கு முன், "கொஞ்சமா வலிக்கும்மா, பொறுத்துக்கோ" என்பாள். எனக்குத் தடுப்பூசி போட்ட நர்ஸ்கூட என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

அடையாறில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் அட்டெண்டர். அட்டெண்டர் என்று நாங்கள்தான் சாந்தோமில் சொல்லிக்கொண்டிருந்தோம். அங்கே அவள் பெயர் தினக்கூலிப் பட்டியலில்தான் ஐந்து வருஷமாக இருந்தது. கண்ணாடி கழுவுவது, கடல் தண்ணீர் வடிகட்டுவது, ஊரூர் குப்பத்துக்குப் போய் மண்ணாங்கட்டி அண்ணனிடம் முள்ளெலி வாங்கி வருவது எல்லாம் அவள் வேலை. மண்ணாங்கட்டி அண்ணன் நண்டு வலை போடுகிறவர். முள்ளெலி வலையில் சிக்கினால் நூல் அறுந்துவிடும் என்று அதுவரை கரையில் வீசி எறிந்துகொண்டிருந்தவர், அக்கா வாளியோடு போய் நின்ற நாளிலிருந்து எறிவதை நிறுத்தினார். திட்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னாமே, இந்த முள்ளு சனியன வெச்சிக்கினு குழம்பா வெக்கிற?"

"புள்ள பெத்துக்க வெக்கிறோம்ணா."

"அய்ய! நல்ல ஆஸ்பத்திரிதான்!"

அவர் சொன்னது பாதி சரிதான். ஊசி போட்ட பத்து நிமிஷத்தில், பெண்ணாக இருந்தால் மஞ்சளாக முட்டை விடும், ஆணாக இருந்தால் பால் மாதிரி ஒன்று வழியும். கடல் தண்ணீரில் இரண்டையும் கலந்து கிண்ணத்தில் வைத்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் தோலைக் கிழித்துக்கொண்டு நீந்த ஆரம்பித்துவிடும். மனுஷப் பிள்ளைக்குப் பத்து மாசம். இதற்கு ஒரு காலை.

இரண்டு சாதி முள்ளெலி வரும். இரண்டுக்கும் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் லத்தீன் பெயர்கள் உண்டு. முதல் பாதி இரண்டுக்கும் ஒன்றே, பின்பாதி வேறு. அதாவது ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றின் முள் சிவப்பு, தடிமன். இன்னொன்றின் முள் வெளுத்து, ஒல்லியாக, தொட்டால் ஒடிந்துவிடும். அக்கா ஒன்றுக்குச் சிவப்பி என்றும் இன்னொன்றுக்கு வெள்ளச்சி என்றும் பெயர் வைத்திருந்தாள். ஸ்ரீரஞ்சனி மேடமே கடைசியில் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தார்.

ஸ்ரீரஞ்சனி மேடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் வீடு. கைனடிக் ஹோண்டாவில் காலை ஆறரைக்கே வந்துவிடுவார். சிவப்பியின் பிள்ளையும் வெள்ளச்சியின் பிள்ளையும் வளரும்போது அவற்றின் ஜீன்கள் எது எப்போது வேலையை ஆரம்பிக்கிறது, அதில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அவர் நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. முதல் மூன்று வருஷம் அந்த ஜீன்களைப் பிரித்தெடுக்கவே போய்விட்டது.

"ஜீனுன்னா இன்னாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். வேறு வேலை இல்லாத ஒரு மத்தியானம். கணக்குப் பரீட்சையில் இரண்டாம் தடவையும் தோற்றதிலிருந்து எனக்கு எல்லா மத்தியானமும் அப்படித்தான்.

அக்கா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். அதனால் இப்படிச் சொன்னாள்: "நோரா, நம்ம கோயில்லயும் லஸ் கோயில்லயும் பாட்டுப் புஸ்தகம் ஒண்ணுதான? ஆனா பூசையில எந்தப் பாட்ட எப்ப எடுக்குறாங்கன்றது வேற. இதுங்களுக்கும் புஸ்தகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எந்தப் பாட்ட எப்ப ஆரம்பிக்குதுன்றதுலதான் இது சிவப்பி ஆவுது, அது வெள்ளச்சி ஆவுது."

"பாடறது உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்காது. பாக்கறோம். மருந்து ஊத்துனா, அந்தப் பாட்டு ஓடுற எடம் மட்டும் கத்திரிப்பூ கலராவும்."

மைக்ராஸ்கோப்பில் எனக்கும் ஒரு தடவை காட்டினார்கள். ஜவ்வரிசிக்குள் யாரோ கத்திரிப்பூ மையால் புள்ளி வைத்த மாதிரி இருந்தது. எலும்பு கட்டச் சொல்லி உத்தரவு போடுகிற ஜீனாம். நான் அதற்குப் பல் விளக்கச் சொல்லும் ஜீன் எங்கே என்று கேட்டேன். மேடம் சிரித்துவிட்டார். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூற்றாறு ஏப்ரலில் அந்த வளர்ப்பு அறையின் ஏசி நின்றுபோனது. மெக்கானிக் நாளைக்கு வருவார் என்றார்கள். அந்த நாளை ஒரு வருஷம் நீண்டது. பெரிய ஃபேன் ஒன்றைப் போட்டு வேலையை ஓட்டினார்கள். சிவப்பியின் பிள்ளைகள் அந்த வெக்கையைத் தாங்கிக்கொண்டன. வெள்ளச்சியின் பிள்ளைகள் இரண்டு தடவை மறுநாள் காலைக்குள் கூண்டோடு செத்துப்போயின. கிண்ணத்தின் அடியில் மாவு மாதிரிப் படிந்து கிடந்ததாம். அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மா எங்கள் கோயில் பங்கில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள்.

மறுநாள் அக்கா யாரையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பானை ஈர மணலில்தான் உட்கார்ந்திருக்கும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அதே மாதிரி ஒரு தகரத் தட்டில் கடல் மணலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஃபேனுக்கு நேராக ஜன்னலோரம் வைத்தாள். வெள்ளச்சியின் கிண்ணங்களை அதில் பாதி புதைத்து, மேலே ஈர மல்துணியைப் போட்டாள். சிவப்பியின் கிண்ணங்கள் வழக்கம்போல மேஜைமேல். அதற்கப்புறம் வெள்ளச்சிகள் சாகவில்லை.

"உனக்குக் கைராசிடி டெல்பின்," என்றார் மேடம். "நான் தொட்டா செத்துப்போறது, நீ தொட்டா பொழச்சுக்கறது." மணல் தட்டைப் பார்க்காமல் இல்லை. கிண்ணம் ஆடாமல் இருக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அறையின் வெப்பத்தைச் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்துத் தினமும் நோட்டில் ஒழுங்காக எழுதினார். கிண்ணத்துக்குள் யாரும் தெர்மாமீட்டரை விடவில்லை.

அக்கா ஏன் இப்படி என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியும். நான் பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ. மே மாசம், எட்டாம் மாதத்தில் அவசரப்பட்டு வந்துவிட்டேன். அக்காவுக்கு அப்போது பதினோரு வயது. கரண்ட் போன பகலெல்லாம் தொட்டிலைச் சுற்றி ஈரத் துணி கட்டி, ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாளாம். அம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். இப்போது நான் அறுபது கிலோ. ஒல்லியானவர்கள்மேல்தான் அக்காவுக்குக் கரிசனம். எனக்குக் கிடைக்க வேண்டிய ஈரத் துணியை ஒரு முள் உருண்டை தட்டிக்கொண்டு போய்விட்டது.

சரி, வருஷம் ஒன்று ஓடியது. மேடத்தின் சார்ட்டில் ஒரு பெரிய செய்தி கிடைத்திருந்தது. பன்னிரண்டு தடவை செய்து பார்த்ததில் பன்னிரண்டு தடவையும், சிவப்பியில் எலும்பு ஜீன் ஆறரை மணி நேரத்தில் தொடங்கினால், வெள்ளச்சியில் எட்டரை. முட்டையைக் கிழித்து வெளியே வருவதும் லேட். எல்லாமே லேட். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றின் கடிகாரம் மட்டும் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஜூனில் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லப் போவதாக இருந்தார். அதே சமயம் அட்டெண்டர் வேலைக்கு நிரந்தரமாக ஒரே ஒரு இடம் வந்திருந்தது. ஜூலையில் இன்டர்வியூ. துறைத் தலைவர் சங்கரன் சார் ஒரு கடிதம் கொடுத்தால் அக்காவுக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். என் தலைமுடியைத் தருவதாக. என்னைக் கேட்கவில்லை.

மே இரண்டாவது வாரம், அக்னி நட்சத்திரம். அக்கா டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். நான் சைக்கிளில் அடையாறு பாலத்தைத் தாண்டி எடுத்துக்கொண்டு போனேன். மணி எட்டேகால். அக்கா கடல் தண்ணீர் கொண்டுவர ஊரூர் குப்பத்துக்குப் போயிருந்தாள். மேடம் பக்கத்து அறையில் போனில். வளர்ப்பு அறையில் நான் மட்டும்தான். மேஜைமேல் சிவப்பிகள் வெந்துகொண்டிருந்தன. ஜன்னலோரம் வெள்ளச்சிகள், ஈரத் துணிக்கு அடியில், ஊட்டிக்குப் போன மாதிரி.

இது நியாயமா? மாற்றி வைத்தேன். சிவப்பியின் நாலு கிண்ணத்தை எடுத்து மணலில் புதைத்தேன், வெள்ளச்சியின் நாலு கிண்ணத்தை மேஜையில் வைத்து அங்கே இருந்த கண்ணாடி மூடிகளால் மூடினேன். லேபிளைத் தொடவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் பொறுப்பு உண்டு. அக்கா துணியைத் தூக்கிப் பார்த்து அலறுவாள், நான் சிரிப்பேன் என்பதுதான் திட்டம். ஆனால் அவள் வர நேரமானது. எனக்குப் பசித்தது. போய்விட்டேன். போனதும் மறந்தும்விட்டேன்.

அக்கா அன்றைக்குத் துணியைத் தூக்கவே இல்லை. மணலுக்குத் தண்ணீர் மட்டும் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேடம் மணிக்கு ஒரு தடவை வந்து, லேபிளைப் படித்து, துளித்துளியாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சாயங்காலம் மிச்சத்தை அவரே கொட்டியும்விட்டார்; மேஜையில் இருந்த வெள்ளச்சிகளுக்குச் சாகக்கூட நேரம் கிடைக்கவில்லை. கிண்ணம் எங்கே இருக்கிறது என்று அவர் என்றைக்குக் கவனித்தார்?

கத்திரிப்பூ கலர் ஏறி முடிய மூன்று நாள் ஆகும். மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி?" என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து வந்த அலுப்பில் அவளும் தரையில்தான் இருந்தாள்.

"தலைகீழா வந்திருச்சு. சிவப்பி லேட்டு, வெள்ளச்சி சீக்கிரம். சங்கரன் சார் கூப்ட்டு, லேபிள மாத்தி ஒட்டிட்டியான்னு கேக்கறார்மா. அஞ்சு வருஷத்துல ஒரு லேபிள் மாத்தியிருக்கனா நான்?"

"மேடம் இன்னா சொன்னாங்க?"

"நல்லவங்கதான. 'போறது போ டெல்பின், மனுஷான்னா தப்பு நடக்கும், இந்த ஒரு நாளத் தூக்கிப் போட்டுடலாம்'னாங்க. அதுதான் இன்னும் எரியுது. நான் செய்யாத தப்ப எனக்கு மன்னிக்கிறாங்க."

நான் கதவுக்குப் பக்கமாக நகர்ந்து நின்றேன்.

"அக்கா," என்றேன். "லேபிள் மாறல."

"அதத்தான நானும் சொல்றேன்."

"எடம் மாறிச்சு. நான்தான் மாத்துனேன். சிவப்பிய மணல்ல வெச்சேன், வெள்ளச்சிய மேஜைல வெச்சேன். சும்மா... வெளையாட்டுக்கு."

அக்கா எழுந்தாள். கை ஓங்கிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் அடி விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானைக்குப் பக்கத்தில், அதே ஈர மணலில், இட்லி மாவுக் குண்டான் ஒன்று பாதி புதைந்து இருந்தது.

"அம்மா, அந்த மாவ ஏன் அங்க வெச்ச?"

"வெக்கைக்குப் பொங்கி வழியும்டி. நாளைக்கும் வெச்சிக்கணுமே. மணல்ல வெச்சா மெதுவாத்தான் புளிக்கும். தெரியாத மாதிரி கேக்கற?"

அக்கா போய் ஒரு கையை மணலிலும் இன்னொரு கையைத் தரையிலும் வைத்துக் குந்தினாள். அப்படியே இருந்தாள். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடி விழுந்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வெள்ளச்சி லேட் கிடையாது. யாரை மணலில் வைக்கிறோமோ அவள் லேட். அவ்வளவுதான். ஒரு வருஷமாக மேடம் சார்ட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தது இரண்டு முள்ளெலிகளின் வித்தியாசத்தை இல்லை; மேஜைக்கும் அக்காவின் மணலுக்கும் உள்ள வித்தியாசத்தை.

அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் குரலைத் தணித்தாள். "இத யாரும் கேக்கலியே. நீயா ஏன் போய்ச் சொல்லணும்? வாய மூடிக்கினு இரு. ஜூலை போவட்டும்."

"ஜூன்ல மேடம் பெங்களூர்ல ஏறி நிப்பாங்கம்மா. அத்தன பேர் முன்னாடி."

"இல்லன்னா என்ன மாட்டிவுடு," என்றேன். "தங்கச்சி கிண்ணத்த மாத்தி வெச்சிட்டான்னு மட்டும் சொல்லு. மணலப் பத்தி ஏன் சொல்ற? உன் மேல தப்பு வராது, எனக்கு என்ன, நானா இன்டர்வியூ போப்போறேன்?"

அது நல்ல யோசனைதான். இன்றைக்கும் சொல்வேன். அக்கா அதைக் கொஞ்ச நேரம் யோசிக்கவும் செய்தாள், அவள் ஒன்றும் இறக்கை வைத்த சம்மனசு இல்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அது பாவம், ஒழுங்கா வளந்துக்கினு இருந்துச்சு. மந்தம்னு நான்தான் பேர் வாங்கிக் குடுத்துட்டேன்."

மேடத்துக்காகக்கூட இல்லை பாருங்கள், வெள்ளச்சிக்காக.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். அக்கா வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். அவள் கையில் ஒரு பாலித்தீன் பையில் எங்கள் வீட்டு மாவு இரண்டு டம்ளரில் இருந்தது. ஒன்று ராத்திரி முழுக்க மணலில் இருந்தது, இன்னொன்று அடுப்பங்கரை மேடையில். மேடையில் இருந்தது பொங்கி வழிந்து, பையெல்லாம் புளிப்பு நாற்றம். கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

சங்கரன் சார் அறையில் மேடமும் இருந்தார். அக்கா மேஜைமேல், அவருடைய ஃபைல்களுக்கு நடுவில், இரண்டு டம்ளரையும் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"இட்லி மாவு சார். ஒரே மாவு, ஒரே நேரம் அரைச்சது. இது ஈர மணல்ல வெச்சது, இது வெளிய வெச்சது. சார், வெள்ளச்சிய நான் ஒரு வருஷமா மணல்லதான் வெச்சிருந்தேன்."

மேடத்துக்கு ஒரு நொடிதான் ஆனது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். நாங்கள் பின்னாலேயே போனோம். சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பிடுங்கி முதலில் மேஜைக் கிண்ணத்தில் விட்டார். முப்பத்தொன்று. அப்புறம் மணல் கிண்ணத்தில். அது இறங்கிக்கொண்டே போய் இருபத்தெட்டில் நின்றது.

"மூணு டிகிரி," என்றார். திரும்பவும், "மூணு டிகிரிடி டெல்பின்." அப்புறம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

சங்கரன் சார் மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். "யார் இப்படி வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அதுக்கு வெக்கையா இருந்துச்சு."

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"ஏசி ரிப்பேருக்கு நான் நாலு தடவ எழுதிக் குடுத்தேன் சார். இத எழுதிக் குடுக்கணும்னு தோணல."

நான் முன்னால் வந்து, "கிண்ணத்த மாத்தி வெச்சது நான் சார், அவங்க இல்ல," என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நீ என்ன படிக்கறே?" என்று கேட்டார். இந்த உலகத்தில் அதைத் தவிர வேறு கேள்வியே கிடையாதா?

அதற்கடுத்த இரண்டு நாள் மேடம் அக்காவிடம் பேசவில்லை. வேலை மட்டும் சொன்னார், காகிதத்தில் எழுதி. பெங்களூருக்கு வரவில்லை என்று தந்தி அடித்தாயிற்று. அக்கா வீட்டில் எதையும் உடைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. ஆனால் பாடகர் குழுவுக்குப் போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் அந்த இரண்டு நாளும் டுடோரியலுக்குப் போனேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மேடம் கைனடிக் ஹோண்டாவில் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, "டெல்பின், எட்டு கிண்ணத்துக்கும் எடம் இருக்கற மாதிரிப் பெரிய தட்டு வேணும். எங்காத்துல அப்பளம் காயவைக்கற தகரம் ஒண்ணு இருக்கு, ஆகுமா?" என்றார்.

"ஆகும் மேடம்."

"கோவம் போகலை எனக்கு. சொல்லிட்டேன்."

"சரி மேடம்."

"காபி குடுப்பியா மாட்டியா?"

மணலை மண்ணாங்கட்டி அண்ணன் சைக்கிளில் இரண்டு மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். "முள்ளு உருண்டைக்கு மெத்தையா? எனக்கு ஒரு எடம் போடுமே, நானும் படுத்துக்கறேன்" என்றுவிட்டுப் போனார். இந்தத் தடவை சிவப்பியும் வெள்ளச்சியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மணலில், ஒரே துணிக்கு அடியில். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு தெர்மாமீட்டர். அதை மணிக்கு ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதுகிற வேலை அக்காவுக்கு. ஐந்து வருஷத்தில் அந்த நோட்டில் அவள் கையெழுத்து விழுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. குண்டு குண்டான எழுத்து, ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் பலகையில் எழுதுவது போலவே.

நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். எதையும் தொடக்கூடாது என்று கையை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை. அக்காவின் முகம் எனக்குத்தான் தெரிந்தது. வெள்ளச்சியின் மந்தப் பட்டம் போனதில் சந்தோஷம், அதனாலேயே மேடத்தின் ஒரு வருஷ உழைப்புப் போனதில் துக்கம். இரண்டும் ஒரே முகத்தில் நிற்க இடமில்லாமல் தள்ளிக்கொண்டிருந்தன.

மூன்று நாள் கழித்துக் கலர் ஏறியது. மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். முதல் ஜீன், ஒரே நேரம். இரண்டாவது, ஒரே நேரம். மூன்றாவது, எலும்பு ஜீன். அங்கே நின்றார். சிவப்பியைப் பார்த்தார், வெள்ளச்சியைப் பார்த்தார், மறுபடி சிவப்பி. "டெல்பின், இங்க வா. நீ பாரு. நான் சொல்ல மாட்டேன்."

அக்கா கண்ணை வைத்தாள். "இதுல கத்திரிப்பூ கீது. இதுல... இன்னும் வரல மேடம்." அவசரத்தில் 'கீது' வந்துவிட்டது. ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் அப்படிப் பேசமாட்டாள்.

"அடுத்த கண்ணாடி. நாப்பது நிமிஷம் கழிச்சு எடுத்தது."

"வந்திருச்சு!"

"நாப்பது நிமிஷம்," என்றார் மேடம். "ரெண்டு மணி நேரம் இல்ல. எல்லாமும் இல்ல. இது ஒண்ணே ஒண்ணு. எல்லாமே லேட்டா இருந்தப்போ, எது நெஜமா லேட்டுன்னு எனக்குத் தெரியவே இல்லடி."

இன்னும் மூன்று தடவை செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த நாற்பது நிமிஷம் இருந்தது. சின்னதுதான். ஆனால் அது வெள்ளச்சியுடையது, மணலுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடி கோயிலில் பாடினாள். வழக்கம்போல அரை மாத்திரை பிந்தித்தான் ஆரம்பித்தாள். நான் பின் பெஞ்சிலிருந்து தெர்மாமீட்டரைப் பார்க்கிற மாதிரிச் சைகை செய்தேன். பாட்டுக்கு நடுவில் சிரித்துவிட்டாள். ஃபாதர் முறைத்தார்.

ஜூலையில் இன்டர்வியூ. வெளியே வேப்பமரத்தடியில் நான் குடையோடு நின்றேன். மற்றவர்களெல்லாம் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அக்கா உள்ளே போய் இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஒரு தடவை உள்ளேயிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. வந்தவள் முகம் வெளுத்திருந்தது.

"வேலைல எப்பவாச்சும் தப்புப் பண்ணியிருக்கியான்னு கேட்டாங்க நோரா. எல்லாத்தயும் சொல்லிட்டேன். மாவு டம்ளர் வரைக்கும். நிறுத்தவே வரல எனக்கு."

"மொட்ட தப்பிச்சுது," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பஸ் வரும்வரை குடையை அவள் பக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் போனது. செப்டம்பர் நாலாம் தேதி, பகல் பதினோரு மணிக்கு, பதிவுத் தபால் வந்தது. வீட்டில் நான் மட்டும்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். 'நியமன ஆணை' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மூக்கு ஒழுகியது, தூசியாக இருக்கலாம்.

அதற்கப்புறம் நேராகக் கையில் கொடுத்தால் நான் நோரா இல்லை. கவரை இரண்டு பாலித்தீன் பையில் சுற்றி, நூலால் கட்டி, பானைக்குக் கீழே ஈர மணலில் புதைத்தேன். மேலே மாவுக் குண்டானை வைத்தேன்.

சாயங்காலம் அக்கா வந்து முகம் கழுவி, வழக்கம்போல மணலில் தண்ணீர் தெளித்தாள். குண்டான் கோணலாக இருந்தது. "யார்டி இத ஒழுங்கா வெக்காம..." என்று தூக்கினாள். பையின் முனை தெரிந்தது. இழுத்தாள். பிரித்தாள். நின்றபடியே படித்தாள், மறுபடி படித்தாள். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "இன்னாடி அது?" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

"எத்தன மணிக்கு வந்துச்சு?" என்றாள் அக்கா என்னிடம்.

"பதினொண்ணு."

"இப்ப மணி ஆறு. ஏழு மணி நேரம் லேட்டு." கை ஓங்கினாள். இந்தத் தடவையும் அடி விழவில்லை. கவரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"சில்லுன்னு கீதுடி," என்றாள்.